ஜனாஸா எரிப்பும் வைத்தியசாலைக்குப் போகாத நோயாளிகளும்

2024 ஜூலை மாதம் இலங்கை அமைச்சரவை ஒரு முடிவை எடுத்தது. கொவிட் காலத்தில் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்ததற்காக, பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்பது என்பதே அந்த முடிவு. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட கணக்கின்படி, எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் எண்ணிக்கை 276. ஆற்று நீரிலும் நிலத்தடி நீரிலும் நடத்திய ஆய்வுகளில், பாதுகாப்பான நல்லடக்கத்தால் வைரஸ் நீரில் கலப்பதாகத் தெரியவரவில்லை என்பதும் அப்போது சொல்லப்பட்டது.

எரித்த பிறகு ஆய்வு, அதற்குப் பிறகு மன்னிப்பு. இந்த வரிசை தலைகீழானது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். மார்க்க உரிமை மறுக்கப்பட்டது பற்றியும், இனவாதம் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் குறைவாகப் பேசப்பட்ட ஒன்று இருக்கிறது. அந்த உத்தரவு இறந்தவர்களை மட்டும் பாதிக்கவில்லை. உயிரோடிருந்த நோயாளிகளையும் அது வைத்தியசாலை வாசலிலிருந்து விரட்டியது. ஒரு தொற்றுநோய் காலத்தில் மக்கள் அரசை நம்பாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு, எமது கண்முன்னே நடந்த பாடம் அது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இலங்கை முஸ்லிம்கள் தொடக்கத்திலிருந்தே சுகாதாரக் கட்டுப்பாடுகளை எதிர்த்தவர்கள் அல்லர். 2020 மார்ச் மாதம் நடுப்பகுதியில், நாட்டில் முதலாவது உள்ளூர் நோயாளி அடையாளம் காணப்பட்டு சில நாட்களே ஆகியிருந்தபோது, ஜும்ஆவையும் பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகையையும் நிறுத்தும்படி அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அறிவித்தது. நாடு முழுவதற்குமான ஊரடங்குச் சட்டம் மார்ச் 20ஆம் திகதிதான் வந்தது. அதற்கு முன்பே பள்ளிவாசல்கள் மூடப்பட்டுவிட்டன. அந்த வருட ரமழானில் தராவீஹ் வீட்டில், பெருநாள் தொழுகை வீட்டில். மனம் கனத்தாலும் மக்கள் கேட்டு நடந்தார்கள்.

நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் வெளியேறாதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலைச் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த சமூகத்துக்குத் தனிமைப்படுத்தல் புதிய சங்கதி அல்ல. உமர் (ரலி) அவர்கள் ஷாமை நோக்கிப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தபோது திரும்பிச் செல்ல முடிவெடுத்ததும் எமக்குத் தெரிந்த வரலாறுதான். அதில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. அவர் தனியாக முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார், அன்ஸாரிகளை அழைத்துக் கேட்டார், பிறகு குறைஷி மூத்தவர்களையும் கேட்டார். முடிவை அறிவித்த பின் அபூ உபைதா (ரலி) அவர்கள் நேருக்கு நேர் மறுத்துக் கேள்வி கேட்டார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்பதே அக்கேள்வி. ஆட்சியாளர் அந்தக் கேள்வியை அடக்கவில்லை. பசுமையான மேட்டிலும் வறண்ட மேட்டிலும் ஒட்டகம் மேய்ப்பவனை உதாரணமாகச் சொல்லி விளக்கம் கொடுத்தார்கள். ஆட்சியாளர் ஒருவர் மக்களின் உயிர் சம்பந்தமான முடிவை எப்படி எடுத்தார், எப்படி விளக்கினார் என்பதற்காகவே இதை இங்கே நினைவூட்டுகிறோம்.

இனி 2020க்கு வருவோம்.

மார்ச் 24ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் தனது இடைக்கால வழிகாட்டலை வெளியிட்டது. தொற்றுநோயால் இறந்தவர்களை எரித்துத்தான் ஆகவேண்டும் என்பது பரவலான ஒரு தவறான எண்ணம், எரிப்பதும் அடக்குவதும் அந்தந்த மக்களின் வழக்கத்தைப் பொறுத்தது என்று அதில் வெளிப்படையாகவே இருந்தது. இலங்கைச் சுகாதார அமைச்சின் தொடக்க வழிகாட்டலும் அடக்கத்துக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் மார்ச் 30ஆம் திகதி நீர்கொழும்பில் ஒரு முஸ்லிமின் ஜனாஸா எரிக்கப்பட்டது. நாட்டில் கொவிட்டால் மரணித்த முதல் முஸ்லிம் அவர். மறுநாளே வழிகாட்டல் மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை எரிக்க வேண்டும் என்று சட்டமாக்கியது.

அதே மார்ச் 30ஆம் திகதி மும்பை மாநகராட்சியும், மதம் எதுவானாலும் கொவிட் உடல்கள் எல்லாவற்றையும் எரிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அன்றே அது திரும்பப் பெறப்பட்டது. ஒரு தவறான உத்தரவை சில மணி நேரத்தில் திருத்த முடியும் என்பதற்கு அது சான்று. இலங்கையில் அதற்குப் பதினொரு மாதங்கள் ஆயின.

அரசாங்கம் சொன்ன காரணம் நிலத்தடி நீர். நாட்டின் பல பகுதிகளில் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது, அடக்கம் செய்தால் கிருமி கிணற்று நீரில் கலக்கும் என்றார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இப்படியொரு காரணம் மறுபடியும் வரலாம்.

வைரஸ் என்பது பக்டீரியா போலத் தானாகப் பெருகக்கூடிய உயிரி அல்ல. உயிருள்ள கலத்துக்குள் புகுந்தால் மட்டுமே அது பெருகும். மனிதர் இறந்ததும் கலங்கள் இறக்கின்றன. வைரஸ் பெருகுவதும் நின்றுவிடுகிறது. கொவிட் வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை உண்டு. சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னதே அந்த உறை சவர்க்காரத்தில் கரைந்துவிடும் என்பதால்தான். நோய் பரவியது மூச்சிலும் இருமலிலும், குடிநீரால் அல்ல. இறுகக் கட்டிய உறைக்குள் வைத்து ஆழமான குழியில் அடக்கப்பட்ட உடலிலிருந்து அந்த வைரஸ் மண்ணைக் கடந்து, நீரை அடைந்து, உயிரோடிருந்து, இன்னொருவரின் சுவாசப்பையை எட்ட வேண்டும் என்றால் எத்தனை படிகளைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இலங்கையில் பிறந்து ஹொங்கொங்கில் பணியாற்றும் வைரஸ் ஆய்வாளர் பேராசிரியர் மலிக் பீரிஸ், 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்த குழுவை வழிநடத்தியவர், இது நீரால் பரவும் நோய் அல்ல என்றே அப்போது ஊடகங்களுக்குச் சொன்னார். அதுமட்டுமல்ல, உயிரோடு இருந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கழிவுநீர் அதே மண்ணுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எந்த வர்த்தமானியும் வரவில்லை.

நிலத்தடி நீர்க் காரணம் பலவீனமானபோது வேறொன்று வந்தது. அமைச்சுடன் தொடர்புடைய சட்ட வைத்திய நிபுணர் ஒருவர், அடக்கம் செய்த உடலை யாரேனும் தோண்டியெடுத்து உயிரியல் ஆயுதமாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்தை பிபிசியிடம் தெரிவித்தார். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு ஒரு முழுச் சமூகமும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட நாட்டில், அந்த வார்த்தை முஸ்லிம் வீடுகளில் எப்படி விழுந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு காரணம் சரியில்லை என்றதும் இன்னொரு காரணம் முளைத்தால், முதலில் சொன்னதும் காரணமல்ல என்றுதானே மக்கள் முடிவு செய்வார்கள்?

வீடுகளுக்குள் அச்சம் புகுந்தது இப்படித்தான். வாப்பாவுக்குக் காய்ச்சல். உம்மாவுக்கு மூச்சிரைப்பு. வைத்தியசாலைக்குப் போனால் பி.சி.ஆர். எடுப்பார்கள், எடுத்தால் கொவிட் என்று வந்துவிடும், வந்தால் தனியாகக் கொண்டுபோவார்கள், மௌத்தானால் எரித்துவிடுவார்கள். இந்தச் சங்கிலி ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட்டது. கொத்தமல்லி அவித்துக் கொடுப்பது, பனடோல் கொடுப்பது, அயலவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. இனி முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் முச்சக்கர வண்டியில் ஏற்றுவது.

கொவிட் நோயில் இந்தத் தாமதம் எவ்வளவு கொடியது என்பதை இப்போது எல்லோரும் அறிவோம். இரத்தத்தில் ஒட்சிசன் அளவு குறைவது பல நேரங்களில் நோயாளிக்கே தெரிவதில்லை. பேசிக்கொண்டிருப்பார், தேநீர் குடிப்பார். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். அந்தக் கட்டத்தில் ஒட்சிசன் கொடுத்தால் பிழைக்கக்கூடியவர், இரண்டு நாள் கழித்து வந்தால் பிழைப்பது கடினம். 2020 இறுதியில் இலங்கையில் கொவிட்டால் இறந்தவர்களில் முஸ்லிம்களின் பங்கு மிக அதிகமாக இருந்தபோது, எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் சிகிச்சைக்கு வரத் தாமதித்ததும் இதற்கு ஒரு காரணம் என்று சமூகத்தைச் சேர்ந்தவர்களே செய்தி நிறுவனங்களிடம் சொன்னார்கள். நாட்டின் சனத்தொகையில் முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 2021 பெப்ரவரி இறுதிவரை நாட்டின் மொத்தக் கொவிட் மரணங்கள் ஐந்நூறைத் தொடவில்லை. அதற்குள் 276 என்றால் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நியாயமாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது அலை 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத்தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொடங்கி, வட கொழும்பின் நெருக்கமான தோட்ட வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் வேகமாகப் பரவியது. அங்கே முஸ்லிம்கள் அதிகம் வாழ்கிறார்கள். ஆகவே மரணங்கள் எல்லாவற்றையும் அச்சத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் நெருக்கமான குடியிருப்பில்தானே நோயாளி சீக்கிரமாக வெளியே வந்து சொல்ல வேண்டும்? அங்கேதான் அவர் வாயை மூடிக்கொள்ளக் காரணம் கொடுக்கப்பட்டது.

பரிசோதனை முடிவுகள் மீதிருந்த நம்பிக்கையும் இதற்குள் உடைந்துவிட்டது. 2020 மே மாதம் கொழும்பு முகத்துவாரத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் ஜனாஸா எரிக்கப்பட்டது. பிறகு, அவருக்கு நோய் இருக்கவில்லை, பரிசோதனை முடிவு பிழை என்று தெரியவந்தது. பி.சி.ஆர். பரிசோதனையில் பிழை வருவது உலகெங்கும் உள்ளதுதான். ஆனால் எரித்த பிறகு அந்தப் பிழையைத் திருத்த வழியில்லை. டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தை, பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதன் பிறகுதான் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கபன் துணியின் அடையாளமாகக் கட்டிய அந்தத் துண்டுகளை இரவில் அகற்றினார்கள். மறுநாள் மறுபடியும் கட்டப்பட்டன. கட்டியவர்களில் சிங்களவர்களும் தமிழர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதை எமது பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

நீதிமன்றத்தை நாடியவர்களும் உண்டு. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம், காரணம் கூறாமல், விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. அதன் பிறகு சில குடும்பங்கள் உடல்களைப் பொறுப்பேற்க மறுத்தன. உரிமை கோரப்படாத உடல்களை எரிக்கலாம் என்று சட்டமா அதிபர் ஆலோசனை வழங்கினார். அப்போது பிணவறையில் இருந்தவை 19 உடல்கள்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். தொற்றுநோய் காலத்தில் அரசாங்கம் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பதில் என்ன தவறு? தெரியாத நோய், பயம் இருக்கத்தானே செய்யும்?

இதற்குப் பதில், உடல் உண்மையிலேயே ஆபத்தாக இருந்த ஒரு நோயில் கிடைக்கிறது. 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியது. எபோலாவில் இறந்தவரின் உடலைத் தொட்டாலே நோய் தொற்றும். உடலைக் குளிப்பாட்டியதால் குடும்பம் குடும்பமாக நோய்ப்பட்டவர்கள் உண்டு. கொவிட்டோடு ஒப்பிடவே முடியாத ஆபத்து அது. லைபீரியாவின் தலைநகர் மொன்றோவியாவில் உடல்களை அடக்கம் செய்ய இடமும் ஆளும் போதவில்லை. ஆகஸ்ட் மாதம் அங்கே எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அந்த நாட்டில் எரிக்கும் வழக்கமே இல்லை. நகருக்கு வெளியே இந்தியச் சமூகத்தினர் தமக்காகக் கட்டிவைத்திருந்த தகனசாலைதான் அதற்குப் பயன்பட்டது.

என்ன நடந்தது? மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். இரவில் இரகசியமாக அடக்கம் செய்தார்கள். நோயாளிகள் வீட்டில் இருக்க, சிகிச்சை நிலையங்களில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. எபோலா வீட்டுக்குள்ளேயே பரவியது. காரணம் உண்மையாக இருந்தும், ஆபத்து உண்மையாக இருந்தும், அந்த உத்தரவு நோய்க்கு உதவியது. அயல் நாடான கினியாவின் வோமே கிராமத்தில் அவநம்பிக்கை இன்னும் மோசமான இடத்துக்குப் போனது. எபோலா பற்றி விளக்கப் போன குழுவில் சுகாதாரப் பணியாளர்களும் ஊடகவியலாளர்களுமாக எட்டுப் பேர் 2014 செப்டம்பரில் கொல்லப்பட்டார்கள். நோயைக் கொண்டுவந்தவர்களே இவர்கள்தான் என்று அந்த ஊரார் நம்பினார்கள். அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கலாம். அது செய்யும் காரியங்களுக்கெல்லாம் நியாயம் இருப்பதில்லை.

லைபீரிய அரசு பாடம் கற்றது. அந்த வருட இறுதியில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் மையவாடிக்கு நிலம் ஒதுக்கப்பட்டு, எரிப்பது கைவிடப்பட்டது. முஸ்லிம்களுக்கென்று அங்கே தனிப் பகுதியும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே, நவம்பரில், மார்க்க அறிஞர்களையும் கிறிஸ்தவத் தலைவர்களையும் கலந்து, பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள அடக்கத்துக்கான நடைமுறையை எழுதியிருந்தது. முஸ்லிம் உடலைக் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும் செய்விப்பது, வெள்ளைத் துணியால் கபனிடுவது எல்லாம் அந்த ஆவணத்தில் படிப்படியாக இருக்கின்றன. குடும்பத்தினர் தூரத்தில் நின்று பார்க்கலாம், தொழுகை நடத்தலாம். அப்படி மாற்றிய பிறகு மக்கள் அடக்கக் குழுக்களைத் தாமாகவே கூப்பிடத் தொடங்கினார்கள். இது நடந்து ஐந்து வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் இலங்கையில் வர்த்தமானி எழுதப்பட்டது. எழுதியவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் அந்த ஆவணம் இருந்தது.

அறிவியலைத்தான் பின்பற்றுகிறோம் என்று சொன்ன அரசாங்கம், அதே காலத்தில் வேறு என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் மக்களின் கண்ணுக்குத் தெரிந்தது. 2020 நவம்பரில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, நோய் நீங்குவதற்காக மந்திரித்த நீர்க் குடங்களை ஆற்றில் போட்டார். டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க என்ற நாட்டு வைத்தியர் தேனும் சாதிக்காயும் கலந்து காய்ச்சிய பாணி, கொவிட்டைத் தடுக்கும் என்று பெரும் பரபரப்பானது. ஆயிரக்கணக்கான மக்கள் சமூக இடைவெளியை மறந்து அந்த வீட்டின் முன் திரண்டார்கள். அமைச்சர் அந்தப் பாணியை எல்லோரும் பார்க்க அருந்தினார். ஜனவரியில் அவருக்கும் கொவிட் தொற்றியது. ஒருவர் நோயுற்றதைச் சொல்லிச் சிரிப்பது எமது பண்பல்ல. அவர் சுகமடைந்தது நல்லது. ஆனால் ஜனாஸா விடயத்தில் நுண்ணிய நிலத்தடி நீர் அறிவியல் பேசிய அமைச்சு, பாணி விடயத்தில் எந்த அறிவியலும் கேட்கவில்லை என்பதைப் பார்த்த சாதாரண குடிமகன் எதை நம்புவான்?

அவநம்பிக்கை எமது சமூகத்துக்கு மட்டும் உரிய நோய் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று வதந்தி கிளப்பிக் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்தபோது அது மாவுக் கட்டி. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான தாய்மார் பயந்துபோய் முறைப்பாடு கொடுத்தார்கள். ஆதாரம் கிடைக்கவில்லை; பின்னாளில் அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். அந்தத் தாய்மாரின் பயம் பொய்யால் உண்டானது. எமது பயம் வர்த்தமானியால் உண்டானது. இரண்டிலும் விளைவு ஒன்றே: வைத்தியரைக் கண்டால் அவர் எந்தச் சமூகம் என்று முதலில் பார்க்கும் மனநிலை.

ஆகவே ஒரு விடயத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். உத்தரவு போட்டவர்களும், கட்டிலருகே நின்று ஒட்சிசன் கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள் அல்லர். 2020 டிசம்பர் இறுதியில், பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையில் அமைந்த நிபுணர் குழு, உரிய பாதுகாப்போடு எரிக்கவும் அடக்கவும் இரண்டுக்கும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. சமுதாய வைத்தியர்களின் கல்லூரியும் இலங்கை வைத்தியச் சங்கமும் அதே கருத்தைப் பகிரங்கமாகச் சொல்லின. இவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம் அல்லாதவர்கள். அரசாங்கம் தனது சொந்த நிபுணர்களையே கேட்கவில்லை. ஜனவரி 7ஆம் திகதி, கொள்கையில் மாற்றமில்லை என்று சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் அறிவித்தார். அந்த நாட்களில் வைத்தியர்கள் எல்லோரும் எமக்கு எதிரானவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரப்பியவர்கள், அறியாமலேயே நோயாளிகளை வீட்டிலேயே மடக்கி வைத்தார்கள். அரசின் தவறை எதிர்ப்பதும், மூச்சிரைக்கும் தாயை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. உயிரைக் காப்பது அடக்கம் பற்றிய பிரச்சினைக்கு முந்திய கடமை. மௌத்தாகாமல் காப்பாற்றினால் எரிக்கும் பேச்சே இல்லையே!

பிறகு முடிவு வந்தது. அதுவும் அறிவியலால் வரவில்லை. 2021 பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, அடக்கத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். மறுநாளே, முடிவெடுப்பது நிபுணர் குழுதான் என்று அரசாங்கத் தரப்பு பின்வாங்கியது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் கூட்டத்தொடர் தொடங்கியது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து போனார். பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி திருத்தப்பட்டது. நிலத்தடி நீர் அந்த வாரத்தில் தாழ்ந்துவிட்டதா என்று மக்கள் கேலியாகக் கேட்டார்கள். கேலி என்றாலும் அதற்குள் ஒரு தீர்ப்பு இருந்தது. பிரச்சினை நீர்மட்டம் அல்ல என்பதை அரசாங்கமே நிரூபித்துவிட்டது.

அனுமதி கிடைத்தும் அவரவர் ஊர் மையவாடியில் அடக்க முடியவில்லை. முதலில் இரணைதீவைத் தெரிவு செய்தார்கள். பல வருட இடம்பெயர்வுக்குப் பிறகு தமது மண்ணுக்குத் திரும்பியிருந்த தமிழ் மீனவக் குடும்பங்களின் தீவு அது. அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு. அவர்கள் எதிர்த்தார்கள், முஸ்லிம்களும் அந்த இடத்தை ஏற்கவில்லை. இரண்டு சிறுபான்மைகளை ஒன்றோடொன்று மோதவிடப் பார்த்தார்கள் என்று அப்போது பேசப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் மஜ்மா நகர் மக்கள் நிலம் கொடுக்க முன்வந்தார்கள். மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸாக்கள் அங்கே அடக்கப்பட்டன. கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். இராணுவத்தின் ஏற்பாட்டில், ஓரிரு உறவினர் மட்டும் கூடவர. அடுத்த வருடம் மார்ச் மாதம் வரை 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே அடக்கப்பட்டன. அவற்றில் இந்து, கிறிஸ்தவ, பௌத்த குடும்பங்களின் உடல்களும் உண்டு. அடக்கம் என்பது முஸ்லிம்களின் பிடிவாதம் மட்டுமே என்று நினைத்தவர்களுக்கு அந்தக் கபுறுகளே பதில்.

எரிப்பு நின்ற பிறகு 2021இன் நடுப்பகுதியில் டெல்டா அலை வந்தது. அதில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் அப்போது முஸ்லிம் வீடுகளில் ஒரு தயக்கம் குறைந்திருந்தது. மௌத்தானாலும் மண்ணுக்குள்தான் போவோம் என்பது தெரிந்திருந்தது. வைத்தியசாலைக்குப் போவதைப் பற்றிப் பேசும்போது அந்தப் பழைய சங்கிலியின் கடைசிக் கண்ணி அறுந்திருந்தது. தடுப்பூசிக்கும் எமது மக்கள் பள்ளிவாசல் வளாகங்களிலேயே வரிசையில் நின்றார்கள்.

2024 மன்னிப்போடு சேர்த்து, அடக்கமா தகனமா என்பதை அந்தந்தக் குடும்பத்தின் தெரிவுக்கு விடும் சட்டமொன்று கொண்டுவருவது பற்றியும் அமைச்சரவை பேசியது. சட்டம் வருவது நல்லதுதான். ஆனால் 2020இல் குறைவாக இருந்தது சட்டமா என்று கேட்டால், வேறு சில குறைவாக இருந்தன. அந்த முடிவை எடுத்த நிபுணர்கள் எந்த ஆய்வை வைத்து எடுத்தார்கள் என்பதை அப்போதே வெளியிட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்திலிருந்து ஏன் விலகுகிறோம் என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் மக்களுக்கு விளங்கும்படி எழுதியிருக்க வேண்டும். பாதிக்கப்படும் சமூகத்தின் வைத்தியர்களும் உலமாக்களும் அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும். உத்தரவுக்கு ஒரு முடிவுத் திகதியும் மறுபரிசீலனைத் திகதியும் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த தொற்றுநோய் எப்போது வரும், எப்படி வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அதற்குள் பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. ஊரில் உள்ள வைத்தியர், தாதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சட்டத்தரணி ஆகியோரைக் கொண்ட ஒரு சிறு குழுவை அமைதியான காலத்திலேயே அமைத்து வைக்கலாம். பரிசோதனை அறிக்கையின் பிரதியை எப்படிக் கேட்பது, இரண்டாவது பரிசோதனையை எப்படிக் கோருவது, வதந்தி வந்தால் யாரிடம் உறுதிப்படுத்துவது என்று ஒரு குடும்பம் இரவு பன்னிரண்டு மணிக்குத் தடுமாறும்போது அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். 2020இல் பல ஊர்களில் அந்த இலக்கம் இருக்கவில்லை. வாட்ஸ்அப் மட்டும் இருந்தது.